ஊருக்குள் வந்து நின்ற பஸ்

1853 ஏப்ரல் 16-ஆம் தேதி பிற்பகலில் பம்பாய் போரிபந்தரிலிருந்து தாணேவுக்குப் புறப்பட்ட இந்தியாவின் முதல் பிரயாணி ரயில், 14 பெட்டிகளில் சுமார் 400 விருந்தினரைச் சுமந்துகொண்டு, 21 பீரங்கி முழக்கத்தின் மரியாதையோடு 34 கிலோமீட்டர் ஓடிய அந்தப் பிரதேசத்தில், சால்செட் தீவின் வயல்களுக்கும் உப்பளங்களுக்கும் நடுவே கிடந்த சின்னஞ்சிறு கிராமங்களுள் விக்ரோலியும் ஒன்று. வண்டி புறப்பட்ட இடத்தையும் போய்ச் சேர்ந்த இடத்தையும் சரித்திரப் புத்தகங்கள் தவறாமல் சொல்லுகின்றன. நடுவே கிடந்த கிராமத்து ஜனங்களுக்கோ, வரப்பில் நின்று அதிசயித்துப் பார்த்ததைத் தவிர, அன்று அந்த வண்டியால் கிடைத்த பிரயோஜனம் ஒன்றுமில்லை. தண்டவாளம் ஊர் வழியாகப் போவது வேறு, வண்டி ஊரில் நிற்பது வேறு. ஒரு ராஜ்யத்தில் எத்தனை மைல் சாலை போடப்பட்டது, எத்தனை ஆயிரம் வாகனங்கள் ஓடின என்ற கணக்குகளைப் பெருமையோடு அடுக்குகிறவர்கள், ஒரு கர்ப்பிணிப் பெண் தன் வீட்டு வாசலிலிருந்து எவ்வளவு தூரம் நடந்தால் பஸ் ஏறலாம் என்ற கணக்கைப் பெரும்பாலும் கேட்பதில்லை. கிராமப் போக்குவரத்தின் சரித்திரத்தை அந்த இரண்டாவது கணக்கைக் கொண்டே பார்க்கவேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

விக்ரோலிக்கு வாகன சௌகரியம் வந்த விதமே இதற்கு ஓர் உதாரணம். 1940-களில் கோத்ரெஜ் குடும்பத்தார் இங்கே விஸ்தாரமான நிலத்தை வாங்கித் தொழிற்சாலைகளையும் தொழிலாளர் குடியிருப்பையும் அமைத்தார்கள். 1950-இல் பிருஹன் மும்பையின் எல்லை பாண்டுப் வரை நீட்டப்பட்டபோது இந்தக் கிராமம் மாநகரத்துக்குள் அடங்கியது. கன்னம்வார் நகர், தாகூர் நகர் முதலிய வீட்டு வசதிக் குடியிருப்புகள் எழுந்தன. ஜனங்கள் பெருகியபிறகே ரயிலும் பஸ்ஸும் இங்கே முறையாக நின்று போகலாயின. இப்போது சில நிமிஷங்களுக்கு ஒரு லோக்கல் வண்டி. அந்த வண்டியில் நெருக்கியடித்துக்கொண்டு போகும் ஜனங்களில் ஒரு பகுதியினர், ரத்னகிரியிலோ சாத்தாராவிலோ திருநெல்வேலியிலோ, நாளைக்கு இரண்டு தடவை மட்டும் பஸ் வருகிற ஏதோ ஒரு கிராமத்தைவிட்டு வந்தவர்கள்.

தாராவித் தமிழர்களுள் பலர் திருநெல்வேலிச் சீமையின் கிராமங்களிலிருந்து தோல் பதனிடும் தொழிலுக்காக வந்து குடியேறிய குடும்பத்தினர். மாதுங்காவிலும் செம்பூரிலும் உத்தியோகத்துக்காக வந்தவர்கள் அதிகம். விக்ரோலியில் இரு வகையினரையும் பார்க்கலாம். கோடை விடுமுறைக்கு ஊர் போகும்போது, இங்கே வாழும் தமிழர்களான எங்களுக்கெல்லாம் பொதுவான அனுபவம் ஒன்று உண்டு. ஆயிரம் மைலுக்கு மேற்பட்ட ரயில் பிரயாணம் எப்படியோ கழிந்துவிடும். இரவோடு இரவாகத் திருநெல்வேலியில் வந்து இறங்கியபிறகு, ஊருக்குப் போகும் கடைசிப் பஸ்ஸை விட்டுவிட்டால், எஞ்சியிருக்கும் பத்துப் பதினைந்து மைல்தான் மலைபோல் நிற்கும். கைக்குழந்தையும் மூட்டை முடிச்சுகளுமாக பஸ் ஸ்டாண்டின் சிமெண்ட் தரையில் விடியும்வரை கிடப்பவர்களை எந்த மே மாதத்திலும் அங்கே காணலாம். ஆண்டுக்கொரு முறை போகும் எங்களுக்கு அது ஓர் இரவுச் சிரமம். அந்த ஊரிலேயே இருந்து படித்து, விவசாயக் கூலிக்குப் போய், வியாதிக்கு வைத்தியம் பார்த்துக்கொள்ள வேண்டியவர்களுக்கோ அதுதான் ஜீவியம் முழுவதும்.

மாட்டு வண்டியும் குதிரை வண்டியும் கால்நடையுமாக இருந்த தென்னாட்டுச் சாலைகளில் மோட்டார் பஸ்ஸை ஓடவிட்டவர்கள் அசாதாரணமான முயற்சியாளர்கள் என்பதில் சந்தேகமில்லை. திருநெல்வேலி ஜில்லா திருக்குறுங்குடியில் பிறந்த டி.வி. சுந்தரம் ஐயங்கார் 1912-இல் பஸ் ஓட்டத் தொடங்கி, குறித்த நேரத்தில் வண்டி வரும், குறித்த நேரத்தில் போய்ச் சேரும் என்ற நம்பிக்கையை, கடிகாரத்தைவிடச் சூரியனையே அதிகம் நம்பிய ஜனங்களிடத்தில் உண்டாக்கினார். மாடுகளின் லாடத்திலிருந்து கழன்று விழுந்த ஆணிகள் டயரைப் பதம் பார்த்த அந்தக் காலத்தில், சாலையிலுள்ள ஆணிகளைப் பொறுக்கக் காந்தம் பொருத்திய வண்டி ஒன்றையே அவர் ஓடவிட்டார் என்பார்கள். 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒற்றை வண்டியோடு ஆரம்பித்த ஜி.டி. நாயுடு, பதின்மூன்று ஆண்டுகளுக்குள் 280 பஸ்களை ஓட்டும் ஸ்தாபனத்தை நடத்தினார். பொள்ளாச்சி நாச்சிமுத்துக் கவுண்டர் மாட்டு வண்டி வாடகைத் தொழிலில் தொடங்கி, 1931-இல் ஆனைமலைஸ் பஸ் டிரான்ஸ்போர்ட்டை நிறுவினார். இரண்டாம் உலக யுத்தத்தில் பெட்ரோல் கிடைக்காமல் போனபோது, வண்டியின் பின்புறத்தில் கரியடுப்பை வைத்து அதன் வாயுவால் எஞ்சினை இயக்கும் சாதனத்தைச் சுந்தரம் ஐயங்காரின் தொழிற்சாலை தயாரித்துக் கொடுத்ததால்தான் பல பஸ்கள் நிற்காமல் ஓடின.

இவர்களுடைய நேர்மையையும் ஒழுங்கையும் எவ்வளவு புகழ்ந்தாலும் தகும். ஆயினும் அவர்கள் நடத்தியது வியாபாரம். எந்தத் தடத்தில் வசூல் இருந்ததோ அந்தத் தடத்தில் பஸ் ஓடியது. ஜில்லாத் தலைநகரத்திலிருந்து தாலுகா ஊருக்கும், சந்தைக்கும், ரயில் நிலையத்துக்கும், திருவிழாக் கோயிலுக்கும் வண்டிகள் பெருகின. அந்தச் சாலையிலிருந்து நாலு மைல் விலகியிருந்த குக்கிராமத்துக்கு, நாலு மைலும் நடைதான். அதைக் குற்றமாகச் சொல்ல நான் முன்வரவில்லை. தனிமுதலாளி ஒருவரிடத்தில் அதற்குமேல் எதிர்பார்ப்பது நியாயமுமல்ல.

வேறொரு விஷயம் அதைவிடக் கொடியது. நிற்கிற இடத்தில் பஸ் நின்றபோதுகூட, எல்லோரையும் அது ஏற்றிக்கொள்ளவில்லை. சுத்தமான உடையும் கையில் காசும் இருந்தும், சேரியிலிருந்து வந்தவர் என்ற ஒரே காரணத்துக்காக மனிதரை ஏற்ற மறுத்த பஸ் முதலாளிகள் அந்நாளில் பலர் இருந்தார்கள். சுயமரியாதை இயக்கத்தின் முன்னணித் தலைவரும், 1929-இல் செங்கற்பட்டில் நடந்த முதல் சுயமரியாதை மகாநாட்டுக்குத் தலைமை வகித்தவருமான பட்டிவீரன்பட்டி டபிள்யு.பி.ஏ. சௌந்தரபாண்டியன், ராமநாதபுரம் ஜில்லா போர்டுத் தலைவராக இருந்தபோது, தாழ்த்தப்பட்டவர்களை ஏற்ற மறுக்கும் பஸ்களின் லைசென்ஸ் ரத்துச் செய்யப்படும் என்று உத்தரவிட்டார். சென்னைத் தியாகராய நகரின் பாண்டி பஜார் அவர் பெயரைத் தாங்கியது என்பதை அறிந்தவர்கள்கூட இந்த உத்தரவை அறியாமல் இருக்கிறார்கள். என் மனத்துக்கு, தமிழ்நாட்டுப் பஸ் சரித்திரத்தில் இதைவிடப் பெரிய சம்பவம் கிடையாது. சாலை ஜனங்களின் வரிப்பணத்தில் போடப்பட்டது. அதில் வண்டி ஓட்டிச் சம்பாதிக்க அனுமதி கொடுப்பது சர்க்காரின் பாத்தியதை. ஆகவே அந்த அனுமதியை வைத்திருப்பவர், காசு கொடுக்கும் எந்த மனிதரையும் விட்டுவிட்டுப் போக அருகதையற்றவர் என்ற தர்க்கம் அந்த ஒரே உத்தரவுக்குள் முழுமையாக அடங்கியிருக்கிறது. ஒரு மனிதரை விட்டுவிட்டுப் போகக்கூடாது என்றால், ஓர் ஊரையே விட்டுவிட்டுப் போவது எப்படி நியாயமாகும்? இந்தக் கேள்வியை நம் நாட்டுச் சர்க்கார்கள் எதிர்கொள்ள இன்னும் சில தசாப்தங்கள் பிடித்தன.

தமிழர் வாழ்ந்த பிரதேசங்களுள் இதில் முந்திக்கொண்டது கன்னியாகுமரி. அப்போது அது திருவாங்கூர் சமஸ்தானத்தைச் சேர்ந்திருந்தது. 1938 பிப்ரவரி 20-ஆம் தேதி திருவாங்கூர் சர்க்கார் தன் சொந்தப் பஸ் சர்வீஸை, லண்டன் போக்குவரத்து போர்டிலிருந்து வரவழைத்த சால்ட்டர் என்பவரின் மேற்பார்வையில் ஆரம்பித்து, திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் வழியாகக் கன்னியாகுமரி போகும் சாலையைச் சர்க்கார் தடமாக்கியது. சென்னை மாநகரின் பஸ்கள் 1947-இல் சர்க்கார் கைக்கு வந்தன. நாங்கள் வாழும் இந்த மேற்குப் பிரதேசத்தில், அப்போதைய பம்பாய் ராஜ்யத்தின் முதல் எஸ்.டி. (ஸ்டேட் டிரான்ஸ்போர்ட்) பஸ் 1948 ஜூன் 1-ஆம் தேதி புணேவுக்கும் அகமத்நகருக்கும் இடையே ஓடியது. கிராமம் எங்கே உண்டோ அங்கே சாலை, சாலை எங்கே உண்டோ அங்கே எஸ்.டி. என்ற கொள்கையை மராட்டிய ஜனங்கள் இன்றும் வாயாரச் சொல்லுவார்கள். தங்கள் சிவப்பு நிறப் பஸ்ஸை அவர்கள் ‘லால் பரி’ (சிவப்புத் தேவதை) என்று கொஞ்சுவதைக் கேட்டால், ஓர் அரசாங்க வாகனத்தின்மேல் இவ்வளவு பிரியமா என்று வியப்பு உண்டாகும்.

தமிழ்நாட்டில் தீர்மானமான மாறுதல் 1967-க்குப் பிறகே வந்தது. முதலில் நெடுந்தூரத் தடங்கள் சர்க்கார்மயமாயின. பின்னர் 50 பஸ்களும் அதற்கு மேலும் வைத்திருந்த பெரிய கம்பெனிகளின் பஸ்களைக் கையகப்படுத்த 1971-இல் சட்டம் வந்தது. 1972-இல் சென்னையில் பல்லவன், மதுரையில் பாண்டியன், கோவையில் சேரன், கும்பகோணத்தில் சோழன் என்று சர்க்கார் போக்குவரத்துக் கழகங்கள் பிறந்தன, சுந்தரம் ஐயங்காரின் டி.வி.எஸ்., நாச்சிமுத்துக் கவுண்டரின் ஏ.பி.டி., ராமன் அண்ட் ராமன் முதலிய கம்பெனிகளின் வண்டிகளும், அவற்றின் தேர்ந்த டிரைவர்களும் மெக்கானிக்குகளும் கழகங்களுக்கு மூலதனமாக வந்து சேர்ந்தார்கள். 1974-இல் திருநெல்வேலிக்குக் கட்டபொம்மன் கழகம். இந்தக் கழகங்கள் செய்த காரியத்தின் நுட்பம் அவற்றின் கணக்குப் புத்தகத்தில் இருக்கிறது. சந்தடி மிகுந்த பெருவழித் தடமும், ஐந்தாறு பேருக்காகக் கண்மாய்க் கரையில் குலுங்கிக் குலுங்கிப் போகும் கிராமத்துத் தடமும் ஒரே டிப்போவின் வண்டிகள். ஒன்றின் மிச்சம் மற்றொன்றின் பற்றாக்குறையைத் தாங்கியது. மண்டபத்தின் ஒரு தூண் மட்டும் எவ்வளவு பாரம் சுமக்கிறது என்று யாரும் தனியே நிறுத்துப் பார்ப்பதில்லை அல்லவா? அதுபோல, தனித் தடத்தின் வசூலை அந்தத் தடத்தின் தகுதிக்கு அளவுகோலாக வைக்காததே அந்தக் காலத்தின் பெரிய சாதனை. அருகிலுள்ள நகரத்தை மையமாகக் கொண்டு சுற்றுவட்டாரக் கிராமங்களுக்கு ஓடிய ‘டவுன் பஸ்’ அதனால்தான் சாத்தியமாயிற்று. பெண் குழந்தைகள் எட்டாம் வகுப்போடு நின்றுவிடாமல் அடுத்த ஊர் உயர்நிலைப் பள்ளிக்குப் போனதில், ஆசிரியர்களுக்கும் மதிய உணவுக்கும் இலவசப் பாஸுக்கும் உள்ள பங்கைப் போலவே, காலை எட்டு மணிக்குத் தவறாமல் வந்த அந்த டவுன் பஸ்ஸுக்கும் பங்கு உண்டு.

அந்த ஏற்பாட்டின் உச்சம் என்று நான் கருதுவது நைட் ஹால்ட் பஸ். ஒன்பதரை, பத்து மணிக்குக் கடைசி நடையாக ஊருக்குள் வரும் வண்டி, திரும்பிப் போகாமல் ஆலமரத்தடியிலோ அம்மன் கோயில் முன்பாகவோ நின்றுவிடும். கண்டக்டர் உள்விளக்கு வெளிச்சத்தில் சில்லறையை எண்ணி, டிக்கெட் நம்பர்களைச் சரிபார்த்துக் கணக்கை எழுதி முடிப்பார். டிரைவர் குழாயடியில் முகம் கழுவிக்கொண்டு, நீள சீட்டில் துண்டை விரிப்பார். பக்கத்து வீட்டிலிருந்து செம்பில் தண்ணீர் வரும். சில ஊர்களில் சாப்பாடே வரும். விடியற்காலை ஐந்து மணிக்கு எஞ்சின் சத்தம் கேட்டதும் ஊர் எழுந்துகொள்ளும்: பால் கேன், பூக்கூடை, கத்தரிக்காய்ச் சிப்பம் எல்லாம் படிக்கட்டருகே வந்து சேரும், லக்கேஜுக்கு எவ்வளவு என்று கண்டக்டரோடு வாக்குவாதம் நடக்கும், “அண்ணே, ஒரு நிமிஷம், எங்க அம்மா வந்துக்கிட்டிருக்கு” என்று ஒரு பையன் தெருமுனையிலிருந்து கத்துவான், டிரைவர் பிரேக்கிலிருந்து காலை எடுக்காமல் காத்திருப்பார். மராட்டிய கிராமங்களில் இதே ஏற்பாட்டை ‘முக்காமி எஸ்.டி.’ என்கிறார்கள். நள்ளிரவில் பிரசவ வலி கண்டால் ஊருக்குள் ஒரு பெரிய வண்டியும் அதை ஓட்டத் தெரிந்த ஒருவரும் இருக்கிறார்கள் என்ற தைரியம், சிகிச்சைக்கு ஒப்பான தைரியமாக அந்தக் காலத்தில் இருந்தது. சந்தைக்கு முதல் ஆளாகப் போய்ச் சேருகிறவனுக்கே விலை கிடைக்கும் என்பதை அறிந்த விவசாயிக்கு, அந்த ஐந்து மணி நடையின் மதிப்பை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

பஸ் எங்கே நிற்கும் என்பதும், அதற்கு யார் பெயர் என்பதும் தமிழ்நாட்டுத் தென் ஜில்லாக்களில் வெறும் நிர்வாக விஷயமாக ஒருநாளும் இருந்ததில்லை. 1997-இல் விருதுநகரைத் தலைமையிடமாகக் கொண்ட புதிய கழகத்துக்கு, ஒடுக்கப்பட்ட சமூகத்தைச் சேர்ந்த வீரன் சுந்தரலிங்கத்தின் பெயர் சூட்டப்பட்டபோது எழுந்த சாதிக் கலவரத்தின் முடிவில், ஜில்லாக்களுக்கும் கழகங்களுக்கும் இருந்த தலைவர் பெயர்களையெல்லாம் சர்க்கார் நீக்க நேர்ந்தது. ஒடுக்கப்பட்டவர் ஒருவரின் பெயர் தாங்கிய பஸ்ஸில் ஏறமாட்டோம் என்று மனிதர்கள் சொன்னது, சௌந்தரபாண்டியனின் உத்தரவுக்கு ஏறத்தாழ எழுபது ஆண்டுகளுக்குப் பிறகு என்பதை நினைக்க மனம் நோகிறது. மாரி செல்வராஜ் 2021-இல் எடுத்த ‘கர்ணன்’ திரைப்படத்தில் பஸ் நிற்காத ஒரு கிராமத்தின் ஆத்திரமே கதைக்கு அச்சாணியாக இருப்பதைக் கண்டு, பட்டணத்துப் பார்வையாளர் சிலர் அதை மிகை என்றார்கள். கைகாட்டியும் நிற்காமல் போன பஸ்ஸின் புழுதியில் நின்றவர்கள் அப்படிச் சொல்லமாட்டார்கள்.

அதே 1997-இல், பெரிய பஸ் நுழைய முடியாத ஊர்களுக்குத் தனியார் மினி பஸ்கள் ஓட அனுமதிக்கும் திட்டம் வந்தது. நல்ல யோசனை, குறுகிய வண்டிப் பாதைகளில் மினி பஸ் செய்த உபகாரம் கொஞ்சமல்ல. ஆனால் வசூல் விதியை அதுவும் தப்ப முடியவில்லை: டீசல் விலை ஏற ஏற, ஜனங்கள் மோட்டார் சைக்கிளும் ஷேர் ஆட்டோவும் பிடிக்கப் பிடிக்க, பல தடங்களில் வண்டி நின்றுபோயிற்று. 2025 ஜூனில் தஞ்சாவூரில் புதிய விதிகளோடு அத்திட்டம் மறுபடி துவக்கப்பட்டிருக்கிறது. அதற்கு முன்பே, 2021 மே மாதத்தில், சாதாரணக் கட்டண டவுன் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பிரயாணம் வந்துவிட்டது. மராட்டியத்தில் 2023 மார்ச் முதல் எஸ்.டி. பஸ்களில் பெண்களுக்குப் பாதிக் கட்டணம். களை எடுக்கப் போகும் கூலியில் போக வரச் செலவு கழிந்தது போக என்ன மிஞ்சும் என்று கணக்குப் பார்த்த பெண்களுக்கு இது எவ்வளவு பெரிய விடுதலை என்பதை அந்தப் பஸ்ஸில் ஒருமுறை போனவர்கள் அறிவார்கள். ஆனால் கட்டணமில்லாத டிக்கெட்டால் பயன் உண்டாக, முதலில் பஸ் வரவேண்டும்.

வருவது குறைந்துகொண்டிருக்கிறது என்பதே இன்றைய கவலை. கொரோனாக் காலத்தில் நிறுத்தப்பட்ட கிராமத்து நடைகள் எல்லாம் திரும்பவில்லை. டிரைவர் இல்லை, வண்டி இல்லை என்று சொல்லி ‘டிரிப் கட்’ ஆவது சகஜமாகிவிட்டது. முதலில் கட் ஆவது எப்போதும் ஊர்க்கோடியில் முடியும் கடைசி நடைதான். மராட்டியத்தில் 2021 இறுதியில் தொடங்கி 2022 ஏப்ரல் வரை நீடித்த எஸ்.டி. தொழிலாளர் வேலைநிறுத்தத்தில், அந்த ஸ்தாபனம் இல்லாவிட்டால் கிராம ஜீவியம் என்னவாகும் என்பதை இந்த ராஜ்யம் கண்ணாரக் கண்டது: பிள்ளைகள் மைல் கணக்கில் பள்ளிக்கு நடந்தார்கள், சந்தைகள் வெறிச்சோடின, பட்டணத்துக் கூலிக்காரர்கள் ஜீப்காரர் கேட்ட தொகையைக் கொடுத்து ஊர் போனார்கள். தொழிலாளர் கேட்டதும் அடிப்படையில் ஒன்றுதான்: தாங்கள் செய்வது சர்க்கார் காரியம் என்றால், சர்க்கார் ஊழியருக்குரிய பாதுகாப்பும் தங்களுக்கு வேண்டும் என்பது. அந்தக் கோரிக்கை முழுதும் நிறைவேறவில்லை. ஆயினும் அதிலுள்ள நியாயத்தை மறுப்பதற்கில்லை. நஷ்டக் கணக்கில் எழுதப்படும் கிராமத்து நடையை, பள்ளிக்கூடத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் செய்யும் செலவைப்போல வரவு செலவுத் திட்டத்தில் ஒதுக்கிக் கழகத்துக்குக் கொடுத்துவிட்டால், டிப்போ மேனேஜர் எந்த நடையைக் கட் செய்யலாம் என்று தேடவேண்டிய நிர்ப்பந்தம் இராது.

இப்போது ஒரு புதிய வசதி சர்க்கார் வசம் இருக்கிறது. கட்டணமில்லாப் பிரயாணம் செய்யும் ஒவ்வொரு பெண்ணுக்கும் தமிழ்நாட்டுக் கண்டக்டர் ஒரு டிக்கெட் கிழித்துக் கொடுக்கிறார். ஆகவே எந்தத் தடத்தில், எந்த நடையில் எத்தனை பெண்கள் போகிறார்கள் என்ற எண்ணிக்கை டிப்போவுக்கு டிப்போ சேர்ந்துகொண்டே வருகிறது. அடுத்த கால அட்டவணையை வகுக்கும்போது கிலோமீட்டருக்கு இத்தனை ரூபாய் வசூல் என்ற பழைய அளவை ஒதுக்கி வைத்து, இந்த எண்ணிக்கையை முன்னே வைக்கவேண்டும். பஸ்ஸே போகாத ஊர்களுக்கு அந்த எண்ணிக்கையும் இராது. அவற்றின் கணக்கு வேறு புத்தகங்களில் கிடக்கிறது: அருகிலுள்ள உயர்நிலைப் பள்ளியின் வருகைப் பதிவேட்டில், மழைக்காலத்தில் எந்த ஊர்ப் பிள்ளைகள் வருவதில்லை என்று, ஆரம்ப சுகாதார நிலையத்தின் பதிவேட்டில், எந்த ஊர்க் கர்ப்பிணிகள் மாதாந்தரப் பரிசோதனைக்கு வரத் தவறினார்கள் என்று. கிராம சபையில் ஒவ்வோர் ஆண்டும் பஸ் கேட்டுத் தீர்மானம் போடும் ஊர்கள், அந்த இரண்டு பதிவேடுகளின் நகலையும் தீர்மானத்தோடு சேர்த்து அனுப்பவேண்டும். அதைப் பெற்றுக்கொள்ளும் அதிகாரி, தடம் கொடுக்க முடியாதென்றால், காரணத்தைக் கையெழுத்திட்டு அந்தக் கிராம சபைக்கு எழுத்து மூலம் தெரிவிக்கவேண்டும் என்று விதி செய்யவேண்டும்.